தெருவில் ஒரு பிள்ளைக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

செல்லத்தாய் எழுதுவது. நானும் பாண்டீஸ்வரியும் அண்ணன் வீட்டில் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? தைலம் ஜன்னலில்தான் இருக்கிறது. எழுந்து போய் எடுத்தால் கிடைக்கும்.

நாலு நாளாகப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நான் எடுக்க மாட்டேன். "நாளைக்குப் பாத்துக்கிடலாம்ட்டி" என்று நீங்கள் சொன்னால் எனக்கும் அது சரி என்றே தோன்றிவிடும். இருபது வருஷமாக அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆகவே இனிமேல் என்னிடம் எது சொல்வதாக இருந்தாலும் கடிதமாக எழுதுங்கள். தாள் எடுக்க வேண்டும், எழுத வேண்டும், ஸ்டாம்பு ஒட்ட வேண்டும், பெட்டி வரைக்கும் நடக்க வேண்டும். ஒரே ஒரு வேலையை நீங்கள் முதலிலிருந்து கடைசி வரை முடித்து நான் பார்க்க வேண்டும்.

நான் ஏன் வந்தேன் என்று அண்ணனிடம் கேட்டீர்களாம். உங்கள் மகளுக்கு அரசு கல்லூரியில் கணிதம் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. மே மாதமே விண்ணப்பித்துவிட்டதாகச் சொன்னீர்கள். கேட்கும்போதெல்லாம் சர்வர் டவுன், சர்வர் டவுன். கலந்தாய்வில் பிள்ளை வெறுங்கையோடு நின்றாள். பாவம் பார்த்துப் போன வாரம் வியாழக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்தார்கள். அதில் கடைசி இரண்டு நாளும் உங்களுக்குச் சங்கையா வீட்டுச் சாவுக் கேதம். இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது.

ஆகஸ்டில் காலியிடங்களுக்கு மறுபடி கூப்பிடுவார்களாம். ரேஷன் கார்டும் முகவரியும் ராஜபாளையத்தில் இருப்பதால் சான்றிதழ் அங்கேதான் எடுக்க வேண்டும். அதை எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

செல்லத்தாய்


ராஜபாளையம்
எழுதியது 2.7.2025
பெட்டியில் போட்டது 11.7.2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

அத்தான் சங்கிலிப்பாண்டி எழுதுவது. நான் சுகம். தைலம் தேய்த்தேன். மச்சான் சுயம்புலிங்கத்துக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா? பாண்டீஸ்வரி சரியாகச் சாப்பிடுகிறாளா?

நீ எழுதியதில் பாதி நியாயம். மீதி பாதியையும் நீ யோசித்துப் பார்க்க வேண்டும். சங்கையா நமக்கு யார்? எதிர்வீடு. புதன்கிழமை விடியற்காலை உயிர் போனது. மகளைக் கூமாப்பட்டியில் கொடுத்திருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குப் போனில் கேதம் சொல்ல முடியுமா? ஆள் போய்ச் சொன்னால்தான் மரியாதை. தெருவில் யார் போவார்? "சங்கிலி இருக்கான்லா" என்றார்கள், போனேன். பந்தல், பாடை, சங்கு ஊதுகிற ஆள் எல்லாம் நான்தான் ஏற்பாடு. மறுநாள் வியாழன் காடாற்று. எலும்பு பொறுக்க ஆள் நிற்க வேண்டாமா? சாவு வீட்டில் போய், எனக்குத் தாலுகா ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொல்ல எந்த மனுசனுக்கு வாய் வரும்?

மில்லில் இப்போது பகல் ஷிப்ட். இந்தத் திங்கட்கிழமை கண்டிப்பாகப் போய்ச் சான்றிதழ் வேலையைப் பார்த்துவிடுவேன்.

பி.கு: ஸ்டாம்பு வாங்கப் போன அன்று தபால் ஆபீஸ் மூடியிருந்தது. பிறகு இரண்டு நாள் மழை தூறியது. அதனால்தான் தாமதம்.

சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.7.2025

அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். இரண்டு தேதி போட்ட கடிதத்தை இன்றுதான் பார்க்கிறேன். ஜூலை இரண்டாம் தேதி எழுதிய "இந்தத் திங்கட்கிழமை", நீங்கள் பெட்டியில் போடும்போதே முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது. அதையாவது அடித்துத் திருத்தியிருக்கலாம்.

பாண்டீஸ்வரி போன வாரத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறாள். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது. யாரோ முந்நூறு சேலையைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. மம்சாபுரத்திலிருந்து அண்ணனிடம் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். "படிப்பும் இல்லன்னு ஆயிப்போச்சு, பிள்ளைய எத்தன நாளைக்கு கடையில நிக்க வைப்ப" என்று அண்ணன் கேட்கிறார். ஆகஸ்டில் கல்லூரி இல்லையென்றால் ஆவணியில் நிச்சயம் பண்ணிவிடலாம் என்கிறார். அவளுக்குப் பதினேழு முடிந்து பதினெட்டுதான் நடக்கிறது.

விண்ணப்பித்தீர்களா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுதுங்கள். மழை பெய்ததா என்று நான் கேட்கவில்லை.

செல்லத்தாய்


ராஜபாளையம்
20.7.2025

செல்லத்தாய்க்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

இல்லை.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். இனி இதையும் கேள். முந்தாநாள் வெள்ளிக்கிழமை போவதென்று குளித்தேன். வெள்ளைச் சட்டை போட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் போட்டோ எல்லாம் பையில் வைத்தேன். செருப்பு மாட்டுவதற்கு முன்னால் செத்த நேரம் உட்காரலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு சட்டையோடு படுத்தேன். தூங்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். போ, போ என்று மனசு அடிக்கிறது, உடம்பு அசையவில்லை. சாயங்காலம் எழுந்தபோது சட்டை கசங்கிவிட்டது, ஆபீசும் மூடிவிட்டது.

மில்லில் சங்கு ஊதினால் என் கால் தானாக நடக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் பிந்தியது கிடையாது. தெருவில் யாராவது "ஏலே சங்கிலி" என்று ஒரு குரல் கொடுத்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுகிறேன். நம் வீட்டு வேலை என்றால் மட்டும் இப்படி. எனக்கே விளங்கவில்லை. உனக்கு விளங்கினால் எழுது.

மம்சாபுரத்துக்காரர்களுக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மச்சானிடம் சொல்.

சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.2025

அத்தானுக்கு,

முந்தாநாள் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு நானும் பாண்டீஸ்வரியும் போயிருந்தோம். தெற்கு ரத வீதியில் உங்கள் தெருக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் நீங்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். விடியற்காலையிலேயே வந்து வாழைமரம் கட்டியதும் நீங்கள்தானாம். பந்தலிலிருந்து அண்ணன் வீடு பத்து நிமிஷ நடை.

பாண்டீஸ்வரிதான் முதலில் பார்த்தாள். "அப்பா மோர் குடுக்காவம்மா" என்றாள். போய்ப் பேசுகிறாயா என்று கேட்டேன். "வேண்டாம், அவிய வேலையா இருக்காவ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அத்தனை கூட்டத்தில் கத்தியிருப்பேன்.

கூட்டத்தில் சங்கையா மகளையும் பார்த்தேன், அந்தக் கூமாப்பட்டிக்காரி. அப்பா போனதைச் சொல்லிக் கண் கலங்கினாள். "அண்ணன் மட்டும் இல்லன்னா எங்களுக்கு கையும் ஓடியிருக்காது காலும் ஓடியிருக்காது" என்றாள். பிறகு, "ஆனா மறுநா காடாத்துக்கு அண்ணன காணோமே, மேலுக்கு முடியலையோன்னு நெனச்சோம்" என்றாள்.

வியாழக்கிழமை. பிள்ளையின் கடைசி நாள். காடாற்றுக்கும் நீங்கள் போகவில்லை, தாலுகா ஆபீசுக்கும் போகவில்லை. எங்கே போனீர்கள்?

செல்லத்தாய்


ராஜபாளையம்
3.8.2025, ஞாயிறு. இன்றே போடுகிறேன்.

செல்லத்தாய்க்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மே மாதம் நான் விண்ணப்பிக்கவே இல்லை. முதல் நாள் இ-சேவை மையத்துக்குப் போனது உண்மை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பெண் இருந்தது. ஒரு பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னது. நான் எட்டாம் வகுப்பில் நின்றவன். நாலு வரி நிரப்பியதும் ஒரு இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கேட்டேன். "அதுலயே இருக்குல்லண்ணே, படிச்சுப் பாருங்க" என்றது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்பதுகூடத் தெரியாது. பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ கேட்டாய். போட்டாச்சு, சர்வர் டவுன் என்றேன். நாளைக்குப் போய்ப் போட்டுவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த வேலையோடு பொய்யும் சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அரை மணி நேர வேலை செல்லத்தாய். நாற்பது நாளில் அது என்னால் தூக்க முடியாத சுமையாகிவிட்டது.

புதன்கிழமை விடியற்காலை எதிர்வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இனி மூன்று நாளைக்கு என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று நினைத்தேன். சங்கையா என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுசன். அவர் செத்ததில் நான் சந்தோசப்பட்டேன். கூமாப்பட்டிக்குப் போனில் சொல்லியிருந்தாலே போதும் என்று அவர் வீட்டிலேயே சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன்.

மறுநாள் காடாற்றுக்குப் போய் அவர் எலும்பைத் தொட எனக்கு மனசு வரவில்லை. பஸ் ஏறிப் பிளவக்கல் அணைக்குப் போய்ச் சாயங்காலம் வரை தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மணி ஐந்தானதும், இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. அப்போதுதான் பசித்தது.

நாளைக்குப் போகிறேன். நம்ப வேண்டாம்.

சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.8.2025

அத்தானுக்கு,

படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

நீங்கள் சொல்வது பயம்தான். எனக்கும்தான் பயம். பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்குக்குப் போகும்போதெல்லாம் வாசல் வரை போய்த் திரும்பிவிடப் பார்ப்பேன். போகாமல் இருந்தேனா? சோம்பேறித்தனத்துக்குப் பயம் என்று வேறு பேர் வைத்துவிட்டால் அது போய்விடாது. ஆனாலும் உங்கள் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒரு பேச்சு முழுசாக வந்திருக்கிறது.

18ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காலியிடச் சேர்க்கை. அண்ணன் அது வரைக்கும்தான் பொறுப்பேன் என்கிறார்.

செல்லத்தாய்


ராஜபாளையம்
14.8.2025

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

அனைவரும் நலமா? நான் நலம்.

இத்துடன் சான்றிதழ் இருக்கிறது. தொலைந்துவிடக்கூடாது என்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதற்கும் ஒரு வரிசையில் நின்றேன்.

நாளைக்கு என்று எழுதிய திங்கட்கிழமை போகவில்லை. இந்தத் திங்கட்கிழமை எப்படிப் போனேன் என்று சொன்னால் சிரிப்பாய். காலையில் மறுபடியும் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு சாயப் பார்த்தது. அப்போது எனக்கு நானே சொன்னேன்: இது நம் வீட்டு வேலை இல்லை, தெருவில் யாரோ ஒரு பிள்ளைக்கு, தகப்பன் உதவாத பிள்ளைக்கு, கூப்பிட்டார்கள், போகிறோம். அவ்வளவுதான், கால் நடந்துவிட்டது. இ-சேவையில் அதே பெண்தான். "யாருக்குண்ணே சான்றிதழ்?" என்றது. "தெருவுல ஒரு பிள்ளைக்கும்மா. எனக்கு எழுத்து அம்புட்டா வராது, நீயே கேட்டுக் கேட்டுப் போட்டுரு" என்றேன். மற்றவர் வேலைக்குப் போகும்போது எனக்கு வெட்கமே கிடையாது, உனக்குத் தெரியும். அது முகம் சுளிக்கவில்லை. வரிசையாகக் கேட்டது, நான் சொன்னேன்.

பிள்ளை பேரு? பாண்டீஸ்வரி. அப்பா பேரு? சங்கிலிப்பாண்டி. அப்பா ஆதார் குடுங்க. கொடுத்தேன். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "நீங்கதானேண்ணே இது" என்றது.

ஆமா, நான்தான் அப்பன் என்றேன். அதைச் சொன்னதும் பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். அது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தது.

அப்புறம் வி.ஏ.ஓ.வைப் பார்க்க மூன்று நடை. இரண்டு தடவை ஆள் இல்லை. மூன்றாம் தடவை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மில்லுக்கு இரண்டு நாள் லீவு. இன்று காலையில் சான்றிதழ் வந்துவிட்டது.

சர்வர் ஒரு நாள்கூட டவுன் ஆகவில்லை.

சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். பாண்டீஸ்வரி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கணிதத்தில் ஒரு இடமும் இல்லை. வரலாறுதான் இருந்தது. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள் வரலாறு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பஸ் பாஸ் எங்கம்மா வாங்கணும்" என்று கேட்டாள். மம்சாபுரம் பேச்சை அவளே மாமாவிடம் நேராக நின்று வேண்டாம் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வருவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மே மாதம் உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பாரம் இருந்தது. நாலு வரி எழுதி, நாலாக மடித்து, நடுவில் பிள்ளையின் போட்டோ. நீங்கள் போடவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். எடுத்துக்கொண்டு நானே போயிருக்கலாம். நான் பத்தாவது வரை படித்தவள். பாரத்தைத் திரும்பப் பையிலேயே வைத்துவிட்டு, தினமும் உங்களிடம் என்னாச்சு என்று கேட்டேன். நீங்கள் சர்வர் டவுன் என்று சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக நான் சொல்லிவந்தது சரி என்று ஒரு தடவையாவது எல்லாருக்கும் தெரியட்டும் என்று இருந்தேன். கடைசியில் பதறி ஓடிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஓடவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். அந்தத் திமிரில்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் கட்டிலில் படுத்திருந்தீர்கள். நான் நின்றுகொண்டே சும்மா இருந்தேன். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நேற்று இதைப் பாண்டீஸ்வரியிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள். அவள் கொஞ்ச நாள் மாமா வீட்டிலேயே இருந்து படிக்கிறாளாம்.

செல்லத்தாய்


ராஜபாளையம்
14.9.2025

அன்பு மகள் பாண்டீஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா? மாமா சுகமா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா?

இங்கே இப்போது எல்லாம் மாறிவிட்டது. ஒழுகிக்கொண்டிருந்த குழாயை நானே வாஷர் வாங்கிப் போட்டுச் சரி பண்ணிவிட்டேன். ஆறு மாதமாக எரியாத பின்பக்க லைட் எரிகிறது. கரண்ட் கம்பத்தின் மேல் சாய்ந்த முருங்கையை வெட்டியாகிவிட்டது. மேலுக்கு முடியாத நாளிலும் ஒரு வேலையாவது முடித்துவிட்டுத்தான் படுப்பது என்று வைத்திருக்கிறேன். அம்மாவைக் கேட்டுப் பார். நானும் அம்மாவும் இப்போது சண்டை போடுவது இல்லை. பழசை எல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. மூன்று வாரமாக வா வா என்று போனில் சொல்கிறோம், "பாக்கேன்ப்பா" என்கிறாய். நம் வீட்டுக்கு வர என்ன தயக்கம்? முக்கால் மணி நேரம்கூட ஆகாது. சோம்பல் பட்டு உட்கார்ந்துவிடாதே, அது அப்பாவோடு போகட்டும்.

அப்பா

பாண்டீஸ்வரி, அம்மாவும்தான் கூப்பிடுகிறேன். உனக்குப் பிடிக்கும் என்று கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன்.


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.10.2025

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பாண்டீஸ்வரி எழுதுவது. சுகமாக இருக்கிறேன். மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. பஸ்ஸில் போகும்போது இடம் கிடைக்கும், வரும்போது கிடைக்காது.

அம்மா ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவின் கடிதங்களை எல்லாம் இங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு எழுதியதை அம்மா நோட்டில் எழுதிப் பார்த்துத்தான் தாளில் எழுதியிருக்கிறாள், அந்த நோட்டும் இருந்தது. எல்லாவற்றையும் படித்தேன். தப்பு என்றால் தப்புதான். அப்பா பிளவக்கல்லில் உட்கார்ந்திருந்ததைப் படித்து அழுதேன். அம்மா சட்டைப்பையில் பாரத்தைத் திரும்ப வைத்ததைப் படித்தபோது அழுகை வரவில்லை.

இரண்டு மாதமாக இத்தனை கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் என்னைப் பற்றித்தான். எனக்கு என்று ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவிடம் சொன்னார், அம்மா அப்பாவிடம் சொன்னாள், இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொண்டீர்கள். என்னிடம் யாரும் தீர்த்துக்கொள்ளவில்லை. எனக்கென்று வந்த முதல் கடிதம் போன மாதம் வந்தது. அதில் குழாய் இருக்கிறது, லைட் இருக்கிறது, முருங்கை இருக்கிறது. கணக்குப் படிக்க முடியாமல் போனது உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? சோம்பல் என்று நினைத்துவிட்டீர்கள்.

வரலாறு பரவாயில்லை. ஆனால் கணித வகுப்பைத் தாண்டித்தான் எங்கள் வகுப்புக்குப் போக வேண்டும். கரும்பலகையில் ஏதாவது கணக்கு இருந்தால் நடந்துகொண்டே மனசுக்குள் போட்டுப் பார்ப்பேன். வகுப்பு வந்துவிடும், பாதியில் விட்டுவிடுவேன்.

உங்கள் கடிதத்துக்குப் பதினெட்டு நாளாகப் பதில் போடவில்லை. சோம்பல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதும்போதெல்லாம், பரவாயில்லைப்பா என்றுதான் முடிந்தது. பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. பஸ் இருக்கிறது, லீவும் இருக்கிறது, எனக்கு அந்த வீட்டுக்கு வர மனசு இல்லை. வரும்போது யாரும் கூப்பிடாமலே வருவேன். அதுவரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் எனக்கு எழுதுங்கள். தனித்தனியாக எழுதுங்கள்.

பாண்டீஸ்வரி